தூக்கி வைத்த வண்டி

ஹாரன் சத்தம் மட்டும்தான் கேட்டது. தனுஷா திரும்புவதற்குள் உயரமான பழைய பிக்கப் வண்டி ஒன்று மலைப்பாதை வளைவில் தாறுமாறாக இறங்கி, அவளுக்குப் பக்கத்திலிருந்த மண்மேட்டில் முட்டி நின்றது.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று கத்தினாள்.

இறங்கியவனுக்கு உதடெல்லாம் வெளுத்திருந்தது. "பிரேக்குங்க... மிதிக்க மிதிக்க உள்ள போய்க்கினே இருக்குது."

மேலும் திட்ட வந்த அவள் வாய் நின்றுவிட்டது. மழை சொட்டும் இமை, மிரண்டுபோன பெரிய கண்கள்... சீ, இப்போதா இதெல்லாம்!

அவன் இளமாறன். மலைமேல் கரியாலூரிலிருந்து மரவள்ளிக் கிழங்கோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிறவன். அவள் கச்சிராயபாளையத்தில் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவள். மேலே ஒரு டிராக்டரைச் சரிசெய்துவிட்டு, டூல்ஸ் பையோடு பஸ்ஸுக்காக நின்றிருந்தாள்.

பின்சக்கரத்தின் பிரேக் ட்ரம்மில் மழைத்துளி பட்டு 'சுர்'ரென்றது.

"பின்பிரேக்க யாரு டைட் பண்ணது?"

"நான்தாங்க, காலையில. சரியாத்தான் பண்ணேன்."

அவள் குனிந்து பார்த்தாள். அடியில் பாறை இடிக்காமலிருக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கியிருந்தான். ஹேண்ட்பிரேக் கேபிள் விண்ணென்று நின்றது.

"வண்டியத் தூக்குனீங்க, கேபிள மறந்துட்டீங்க. அது இழுத்துக்கினு இருக்கறப்ப முடுக்குனா, சக்கரம் இறுகுன மாதிரி ஏமாத்தும். உரசி உரசி சூடு ஜாஸ்தியாயிட்டுது, அதான் மிதிச்சா உள்ள போவுது."

"என் வண்டிய எனக்குத் தெரியும்ங்க."

"அப்ப நீங்களே ஓட்டிக்கினு போங்க!" பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம்தான்...

"போவாதீங்க. எனக்குப் பயமா இருக்குது."

ஒரு ஆண்பிள்ளை இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. திரும்பி வந்தாள்.

ட்ரம் ஆறியது. முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றி, கேபிளைத் தளர்த்திவிட்டு அடியில் நுழைந்தாள். ட்ரம்மின் பின்தட்டுத் துளை வழியே ஸ்க்ரூ டிரைவரை விட்டு, பிரேக்கை இறுக்கும் பல்சக்கரத்தைப் பல் பல்லாகத் தள்ளினாள். பிரேக் ஷூ ட்ரம்மில் உரசியது. கொஞ்சம் பின்னுக்குத் தளர்த்தினாள். ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் பாதியில்...

சேற்றில் கல் வழுக்கியது. வண்டி அசைந்தது.

"வெளிய வா புள்ள!"

அவள் கையைப் பிடித்து இழுத்தவன், ஓடிப்போய் வேறொரு பாறையைச் சக்கரத்தடியில் உதைத்துத் தள்ளினான். வண்டி நின்றது. அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"வேணாம்ங்க... வண்டி போனா போவுது. உங்களுக்கு ஒண்ணுன்னா..."

எனக்கு ஒன்றென்றால் இவனுக்கென்ன? நெஞ்சு அடித்துக்கொண்டது. பயமா, வேறு ஏதாவதா, அவளுக்கே புரியவில்லை. சாய்ந்திருந்த ஜாக்கியை மறுபடி நிமிர்த்திவைத்து, மிச்ச வேலையையும் முடித்தாள். டிரைவர் பக்கத்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க பஸ்ஸுல வாங்க. வழியில ஏதாச்சும் ஆனா..."

"முடுக்குனவ நான். நானும் வரேன்."

முதல் கியரிலேயே வண்டி இறங்கியது. இடப்பக்கம் பள்ளம், மழைப்புகையில் அடியே தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவு எதிரே வந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இளமாறன் மிதித்தான்... உறுமிக்கொண்டே வண்டி நின்றது.

"புடிக்குதா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"புடிக்குதுங்க..."

"நல்லா?"

"ரொம்ப..."

குரலில் ஏதோ... கண்ணைத் திறந்தாள். அவன் ரோட்டைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பிரேக்க கேட்டேன்."

"நான் பிரேக்க சொல்லலீங்க."

காது மடல் வரை சுட்டது. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கீழ இன்னும் எத்தன வளைவு இருக்குது... ரோட்டப் பாத்து ஓட்டுங்க." பிறகு, மழைக்கு மட்டும் கேட்கிற குரலில், "எனக்குந்தான்..."