சம்மதம் தராத வண்டி

வண்டியின் முன்மூடியைத் திறப்பதற்கு முன்னால், முறைப்படி அதன் கண்ணுக்கு நேராகச் சம்மதப் படிவத்தை நீட்டினாள் செண்பகவல்லி. செவ்வாய் கிரகத்தில் இது புதுமை ஒன்றும் இல்லை. யோசிக்கத் தெரிந்த எந்த இயந்திரத்திலும், அதன் ஒப்புதல் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக் கூடாது. மீறினால் ஆறு மாதம் உள்ளே இருக்க வேண்டியதுதான். வழக்கமாகக் கண்மூடித் திறப்பதற்குள் வண்டிகள் கையெழுத்துப் போட்டுவிடும்.

"வேண்டாம்க்கா," என்றது வண்டி.

காதில் விழுந்தது சரிதானா என்று அவளுக்குச் சந்தேகம். "என்ன வேண்டாம்?"

"கூலண்ட் மாத்த வேண்டாம். பழசே இருக்கட்டும்."

பழசு எப்படி இருக்கும்? எஞ்சினைச் சுற்றி ஓடும் அந்தத் திரவம்தான் ஓட்டத்தில் சூடேறாமலும், குவிமாடத்துக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே எழுபது டிகிரிக் குளிரில் உறைந்து வெடிக்காமலும் எஞ்சினைக் காப்பது. வருடம் ஒருமுறை அதை மாற்றாத வண்டிக்கு ஊர்க்கதவு திறக்காது. அவள் மகள் நிலமங்கை பூமியில் நாலு வருடம் படித்துவிட்டு இன்று மாலை கப்பலில் வந்து இறங்குகிறாள். துறைமுகம் முன்னூறு கிலோமீட்டர். நண்பகலில் கதவை அடைத்தால் மறுநாள்தான் திறப்பார்கள். நாலு வருடம் கழித்து வருகிற பிள்ளை அழைத்துப்போக ஆளில்லாமல் தனியாக நிற்கும்.

"மாத்தினா என்ன ஆகும்?"

"ஞாபகம் அழிஞ்சிடுமாம்க்கா. அஞ்சாம் குவிமாடத்துல ஒரு வண்டிக்குப் புதுசு ஊத்தியிருக்காங்க. மறுநாள் அது ஓனரையே 'நீங்க யாரு'ன்னு கேட்டுச்சாம்."

"அத யாரு பார்த்தா?"

"எங்க வண்டிக் குழுவுல வந்துச்சு. நாப்பது வண்டி அனுப்பியிருக்கு, பொய்யாவா இருக்கும்?"

செண்பகவல்லிக்குத் தலை சுற்றியது. புழுதிப்புயல் எந்த நிமிடம் எந்த மேட்டில் கிளம்பும் என்று மூன்று நாள் முன்பே சொல்கிற மூளை இது. கையேட்டைக் காட்டினாள். விற்கிறவர்கள் எழுதியது என்றது. சோதனை அறிக்கையைக் காட்டினாள். அறிக்கை எழுதியவரும் அவர்கள் ஆள்தான் என்றது. பச்சை கூலண்ட் ஞாபகத்துக்கு ஆகாது, ரோஸ் குளிருக்கு ஆகாது, வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போதும் என்று வேறு ஆரம்பித்தது. கடைசியில், போன வருடம் தான் ஊற்றியது பச்சையா ரோஸா என்று அவளுக்கே குழம்பிப்போனது. மறுபடி கையேட்டைப் புரட்டினாள். படித்தது எதுவும் மண்டையில் ஏறவில்லை.

மணி பத்தரை. இனி நியாயம் பேசிப் பிரயோஜனமில்லை என்று தோன்றியது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது; ஆனாலும் பக்கத்து வீட்டு வண்டியிடம் போய், அதன் காதில் ஒரு சேதியைப் போட்டுவிட்டு வந்தாள். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ரகசியமாகச் சொன்னது; ஞாபகத்தை அரிக்கிற கசடு பழைய கூலண்ட்டில்தான் சேர்கிறது; இன்றே மாற்றவும், பத்து வண்டிகளுக்குச் சொல்லவும்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அக்கா, என்ன மசமசன்னு நிக்கிறீங்க? சீக்கிரம் கழட்டுங்க," என்றது வண்டி. கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது.

எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். அடியில் பேசினை வைத்து வடிகுழாயைத் திருகினாள். துருப்பிடித்த நிறத்தில் பழையது கொடகொடவென்று இறங்கியது. பச்சையா ரோஸா என்ற கவலையே வேண்டாமென்று, சுத்திகரித்த தண்ணீரை ஊற்றி, ஓடவிட்டு, ஆறவிட்டு, தெளிவாக வரும்வரை அலசினாள். வடிகுழாயை இறுக்கிப் புதியதைக் கோடுவரை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினாள். மட்டம் இறங்கியது, இன்னும் கொஞ்சம் ஊற்றி மூடினாள். கதவு அடைப்பதற்கு நாலு நிமிடம் இருக்கையில் ஊரைத் தாண்டியாயிற்று.

வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு. இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு என்ன புண்ணியம் என்று வண்டியைப் பாவமாகப் பார்த்தாள்.

பாதி தூரத்தில் அவளுடைய மணிக்கட்டுத் திரை மினுங்கியது. குடும்பக் குழுவில் நாத்தனார். பூமியிலிருந்து வருகிறவர்களை மூன்று நாள் தொடக் கூடாதாம். தொட்டால் வந்தவர்களின் எலும்பு கரையுமாம். பெரிய டாக்டர் ஒருவர் சொன்னாராம். செண்பகவல்லி துறைமுகச் சுகாதாரக்கூடத்தின் ஊர்க்கிளையில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவள். பூமியிலிருந்து வருகிறவர்களுக்குக் கப்பலிலேயே எடுத்து அனுப்பும் சோதனை முடிவுகளைப் பார்த்து, இவர் நலம் என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவதே அவள் உத்தியோகம். 'என்ன அபத்தம்' என்று முனகினாள். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பத்துப் பேருக்கு அனுப்பிவைத்தாள்.

கப்பலிலிருந்து இறங்கிய நிலமங்கை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்தபடி ஓடி வந்தாள். இளைத்திருந்தாள். சிரிப்பு மட்டும் மாறவில்லை. செண்பகவல்லி இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"மூணு நாள் பொறுத்துக்கடி கண்ணு."

விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள் மகள். "ஏம்மா? எனக்கு ஒண்ணுமில்லையே. டெஸ்ட் எல்லாம் முடிச்சுத்தானே விட்டாங்க?"

"தெரியும். நேத்து நான்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றாள் செண்பகவல்லி. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டாள். "ஆனா அத்தை அனுப்பியிருக்காளே."