பிரிக்காத பெட்டி

முதல் காலைக் கழற்றி எடுத்த பிறகும் நாற்காலி சாயவில்லை.

அதை யோசிக்க ரூபாவுக்கு நேரமில்லை. படுக்கையறைக் கதவைத் தாழிட்டுவிட்டுத் தரையில் குந்தியிருந்தாள். ஆலன் கீயை அடுத்த ஸ்க்ரூவில் நுழைத்தாள். கணவன் லோகேஸ்வரன் உறவுக்காரர்களோடு படியேறுவதற்குள் இது துண்டு துண்டாகப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் திருப்பதியிலிருந்து கார்வேட்டிநகரம் வரை எவர் முகத்திலும் விழிக்க முடியாது.

சற்றுமுன்தான் அவன் போன் செய்திருந்தான்.

"ரூபா, கருமாதிக்கு நைனா போட்டாவ உன் புது சேர்ல வெக்கலாம்னு சொல்றாங்க. மருமக சேர் இன்னும் பொறக்கவே இல்லியான்னு ஜெகநாதன் சித்தப்பா கேலி பண்ணிக்கினு வர்றாரு. பெட்டிய ஹால்ல வையி, நானே பூட்டிடறேன்."

"சரிங்க."

"இன்னும் பிரிக்கலதான?"

"பிரிக்கல."

பாகம் பாகமாகப் பெட்டியில் வந்து, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் செட் அது. அந்தக் காலத்து வெளிநாட்டு வீடுகளின் பாணி. கூம்பிச் சரிந்த தேக்குக் கால்கள், அகன்ற கைப்பிடி, பால்நிற மெத்தை. இரண்டாவது காலை உருவியபோது, அடைத்த அறையின் வெயில் புழுக்கத்தில், புது வார்னிஷ் வாசனையை மெல்லத் தள்ளிக்கொண்டு, வாடிய ரோஜாவும் ஊதுவத்தியும் பன்னீரும் கலந்த மணம் ஒன்று, உச்சந்தலைக்கு நேர் மேலே யாரோ குனிந்து மூச்சுவிடுவதுபோல இறங்கியது.

அவள் நிமிரவில்லை.

மூன்றாவது கால். மெத்தை கனமாக நெரிந்தது. படியில் செருப்புச் சத்தம். சித்தப்பாவின் சிரிப்பு.

நான்காவது கால் கையோடு வந்தது.

இருக்கை இறங்கவில்லை. அதே உயரத்தில் நின்றது. மெத்தை நடுவில் பள்ளம்.

கதவு தட்டப்பட்டது. "ரூபா?"

மாமனார் வேங்கடாசலம் இறந்த அன்றும் இதே கதவைத்தான் தட்டினார்கள். சுடுகாட்டுக்கு எடுக்கும்வரை இறந்தவரை நாற்காலியில் உட்கார்த்தி வைப்பது அவர்கள் வழக்கம். அவரைக் குளிப்பாட்டிவிட்டு, ரூபாவின் புது நாற்காலியைக் கேட்டார்கள். முந்தின நாளே பூட்டி முடித்திருந்தாள். பால்நிற மெத்தை பாழாகிவிடுமே என்று அதைப் போர்வையால் மூடிவிட்டு, பெட்டியையே இன்னும் பிரிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அதன் கால் மடங்கி, தெருவே பார்க்க, வேங்கடாசலம் முகங்குப்புற விழுந்தார்.

இப்போது அவள் கண்ணெதிரே, கால்களில்லாத இருக்கையின் விளிம்பிலிருந்து, கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்ட இரண்டு பாதங்கள் இறங்கி, தரையில் அழுந்த ஊன்றியிருந்தன.