கலைக்காத மேசை

டம்ளரில் டீ குறைந்திருந்தது.

நிறைய இல்லை, ஒரு விரற்கடை. ஆனால் லின்சி காலையிலிருந்து அந்த டம்ளரையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விளிம்புக்குக் கீழே சிவப்புக் கோடு ஓடும் பழைய கண்ணாடி டம்ளர். அந்தக் கோடு வரை டீ ஊற்றி, மேலே ஆடை படியட்டும் என்று காத்திருந்து, அதற்குப் பிறகுதான் கேமராவின் ஷட்டரைத் திறந்துவிட்டு வெளியே போயிருந்தாள். திரும்பி வந்தால் கோட்டுக்கும் டீக்கும் நடுவே வெறும் கண்ணாடி. ஆடை ஒரு பக்கமாகச் சுருங்கிக் கிடந்தது, யாரோ உதட்டால் ஊதி ஒதுக்கிய மாதிரி.

பல்லி குடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பல்லி எந்த ஊரில் டீ குடிக்கிறது என்று அவளே கேட்டுக்கொண்டாள். சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

மார்கழி பிறந்தும் மழை விட்டபாடில்லை. ஜன்னலுக்கு வெளியே, பாபநாசம் ரோடு வரைக்கும், பால் பிடித்த சம்பா தண்ணீரில் நின்றது. வாசலில் அவள் கட்டிய கிறிஸ்துமஸ் ஸ்டார் நனைந்து, ஒரு முனை கிழிந்து, காற்றுக்குத் தகரக் கூரையில் தட்டித் தட்டி ஓய்ந்தது. மதியம் மூன்று மணிக்கே சாயங்கால வெளிச்சம். அறைக்குள் ஈர மரத்தின் வாடை, கருவாட்டு வாடை, அதற்கும் அடியில் கடல் தண்ணீர் போல ஏதோ ஒன்று. கருவாட்டிலிருந்துதான் வருகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

பொருள்களை மேசையில் வைத்துப் படம் எடுப்பது லின்சியின் தொழில். தொழில் இல்லை, பைத்தியம் என்பாள் அவள் அம்மா இருதயம்மாள். "கல்யாண வீட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனாச் சோறாவது போடுவான். இந்தக் குடமும் கிழங்கும் உனக்கு என்னடி குடுக்கும்?" ஆனால் ஒரு பித்தளைக் குடத்தின் வயிற்றில் ஜன்னல் வெளிச்சம் வந்து உட்காருகிற அழகுக்கு முன்னால் லின்சிக்குச் சோறெல்லாம் இரண்டாம் பட்சம். அந்த வயிற்றில் அறை முழுவதும் குட்டியாகத் தெரியும்: ஜன்னல், கதவு, கேமரா, அதன் பின்னால் ஒரு பிரம்பு நாற்காலி. மற்றவர்கள் கறுப்புத் துணி கட்டி அந்தப் பிம்பத்தை மறைப்பார்கள். அவள் மறைப்பதில்லை. அதுதான் அவள் படங்களின் கையெழுத்து.

மாடி அறைக்கு மரத்தளம். ஒரு காலை எடுத்து வைத்தாலும் மேசை அதிரும். மங்கிய வெளிச்சத்தில் ஷட்டர் வெகுநேரம் திறந்திருக்க வேண்டும் என்பதால், டைமரை வைத்துவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வாள். நேரம் முடிந்ததும் பூனை மாதிரி, சத்தமே இல்லாமல் உள்ளே போவாள். படம் மனசுக்குப் பிடிக்கும்வரை மேசையைக் கலைக்க மாட்டாள். பூ வாடும், கிழங்கு சுருங்கும். அதையும் எடுப்பாள். அந்தக் கலையில் பாதி அதுதான்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வரும் யோசனையைச் சொன்னவன் சபரிநாதன், அவள் கணவன்.

சபரிக்குத் தஞ்சாவூரில் ஒரு டிராக்டர் ஷோரூமில் வேலை. சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம், கடலுக்குப் போகிற குடும்பம். கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டுவதற்குத் தன் வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை என்று சொன்னான். நம்பினாள். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்தது. அவன் பக்கத்து ஆள் ஒருவரைக்கூட அவள் இதுவரை பார்த்ததில்லை. அவள் அம்மாவோ இந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று தஞ்சாவூரில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரையும் விட்டுவிட்டு லின்சி பிடித்துக்கொண்டது ஒரே ஒரு கையை.

அந்தக் கையும் வெறுங்கையாக வரவில்லை. மாதம் ஒரு தடவை பை நிறையப் பொருளோடு வரும். நெத்திலிக் கருவாடு, பனங்கிழங்கு, கனகாம்பரம், சிவப்புக் கண்ணாடி வளையல், கொம்புச் சீப்பு, இந்தக் கோடு போட்ட டம்ளர். "இதெல்லாம் வச்சு எடுத்துப் பாரு லின்சி, நல்லா வரும்," என்பான். எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் எது என்றுகூடச் சொல்வான். ஊரில் மற்ற ஆண்கள் பெண்டாட்டி செய்கிற வேலையைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இவன் அவள் மேசைக்காகச் சந்தை சந்தையாக அலைகிறான். அதை நினைத்து லின்சி தலையணையில் முகம் புதைத்துச் சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள். அம்மா எதிரே வந்து கேட்டால் காட்டுவதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி இந்த மேசைதான்.

டீயை மறக்க முயன்று கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள்.

குடத்தின் வயிற்றில் ஜன்னல். கதவு. நாற்காலி. நாற்காலியில் ஒரு பெண்.

திரும்பினாள். பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது.

மறுபடி திரையைப் பார்த்தாள். முகம் இல்லை, அந்த இடத்தில் ஈரம் பட்ட மாதிரி ஒரு மங்கல். ஆனால் தோள் இருந்தது. மடியில் கோர்த்த கைகள் இருந்தன. தோளில் ஒட்டிய நனைந்த தலைமுடி, ஒவ்வொரு இழையாக, கூர்மையாகப் பதிந்திருந்தது. லின்சியின் கண் அந்தக் கூர்மையிலேயே நின்றது. ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருக்கும்போது குறுக்கே நடந்து போகிற ஆள் படத்தில் விழ மாட்டார். அசையாமல் இருப்பது மட்டும்தான் விழும். அப்படியென்றால் இவள், லின்சி படிக்கட்டில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்த நேரமெல்லாம், மூச்சுகூட விடாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

பழைய படங்களைத் திறந்தாள். கார்த்திகையில் எடுத்தது: நாற்காலிக்குப் பின்னால் ஒரு நிழல் நின்றது. ஐப்பசியில் அது ஜன்னல் பக்கம். புரட்டாசியில் கதவோரம், ஒரு விரல் தடிமனுக்கு. ஆவணிப் படத்தில் எதுவும் இல்லை, கதவு மட்டும் லேசாகத் திறந்திருந்தது. லின்சி எப்போதும் சாத்துகிற கதவு.

"என்னங்க!" குரல் உடைந்தது. "என்னங்க, கொஞ்சம் மேல வாங்களேன்!"

மழையால் லீவு போட்டு வீட்டில் இருந்த சபரி ஏறி வந்தான். குனிந்து கேமராத் திரையைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அவன் பயப்படவில்லை. லின்சி முதலில் கவனித்தது அதைத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன, உதட்டோரம் நடுங்கியது. ரயிலடியில் நின்று தன் ஆள் இறங்குகிறாளா என்று தேடுகிறவனின் முகம் அது.

"முகம் இன்னும் தெரியலையே," என்றான்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. மழை வெளிச்சம் அப்படித்தான் ஏமாத்தும். காலையிலேர்ந்து சாப்பிடாம நிக்கிற, கீழ போ. நான் பாத்துக்கறேன்."

கீழே போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு தீக்குச்சிகள் ஒடிந்தன. தலைக்கு மேலே மரத்தளம் கிறீச்சிட்டது. மேசையில் எதையோ எடுத்தான், எதையோ வைத்தான். கூடத்துக்கும் சமையல்கட்டுக்குமாக வந்து போனான். கொய்யாப்பழம் அறுக்கும் வாசனை வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவன் மறுபடி மேலே போன பிறகு போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"போட்டோ எடுக்கிற பொண்ணாம்மா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"நான் எல்லையம்மா, வேதாரண்யத்துலேர்ந்து பேசறேன். சபரிநாதனுக்கு அக்கா. எம் பொண்ணு போன்ல உன் படத்தையெல்லாம் காட்டுனா. அதுலயே நம்பர் இருந்துச்சு."

லின்சிக்கு அந்த நிலையிலும் ஒரு நொடி மனசு குளிர்ந்தது. அவன் வீட்டிலிருந்து வரும் முதல் குரல். "அக்கா! நல்லா இருக்கீங்களா? அவரு உங்களைப் பத்திப் பேசறதே இல்ல."

"பேச மாட்டான்." அந்தப் பக்கம் காற்று இரைந்தது. "அதை விடு. யாரும்மா இந்தப் படையலைப் போட்டது?"

"படையலா? போட்டோவுக்கு வச்சதுக்கா."

"பனங்கிழங்கு, நெத்திலி, கனகாம்பரம், கோடு போட்ட டம்ளர்ல டீ. அத்தனையும் சந்திரலேகாவுக்குப் பிடிச்சது. தேதியப் பாத்தா, அமாவாசைக்கு அமாவாசை போட்டிருக்க."

லின்சி அமாவாசை பார்ப்பதில்லை. அவள் வீட்டுக் காலண்டரில் புனிதர்களின் பெயர்கள்தான் இருக்கும். "யாருக்கா சந்திரலேகா?"



"சொல்லலையா அவன்? அவன் பொண்டாட்டிம்மா. படகு கவுந்து கடலோட போயிட்டா. உடம்பு கெடைக்கல. படகை ஓட்டுனதும் அவன்தான்."

லின்சிக்குப் பயம் வரவில்லை. அவமானம்தான் முதலில் வந்தது. சந்தை சந்தையாக அலைந்தது இவளுக்காக இல்லை. அந்தப் பை, அந்தப் பூ, அந்த யோசனை, எதுவுமே இவளுக்கு இல்லை. தலையணையில் முகம் புதைத்து அழுத தன்னை நினைத்தபோது உடம்பு கூசியது.

"கதவைச் சாத்துவியாம்மா?" எல்லையம்மாளின் குரல் தாழ்ந்திருந்தது.

"சாத்துவேன்."

"தொறக்கறப்ப தட்டுவியா?"

"இல்லக்கா. சத்தமில்லாமத்தான் போவேன்."

"அப்புறம் மேசையை உடனே எடுத்துருவியா?"

"அது... நாலஞ்சு நாள் அப்படியே கெடக்கும்."

"பாவி," என்றாள் எல்லையம்மாள். திட்டியது லின்சியை இல்லை. "செத்தவங்களுக்குப் பிடிச்சதை வச்சுக் கதவைச் சாத்திட்டு வெளிய நிப்போம். அவங்க வந்து சாப்பிடுவாங்க. பொறவு கதவைத் தட்டிட்டு உள்ள போயி, படையலை எடுத்துக் காக்காவுக்கு வச்சுட்டு நாமளும் சாப்பிடுவோம். தட்டுனாத்தான் எழுந்திரிக்கணும்னு அவங்களுக்குத் தெரியும். எடுத்தாத்தான் போவாங்க. நீ எடுக்கவே இல்லியே. வந்தவ எங்கம்மா போவா?"

"இப்ப என்னக்கா செய்யறது?"

"போயித் தட்டு. எல்லாத்தையும் எடு. ஒரு வாய் நீ சாப்பிடு. அவன்கிட்ட வாயத் தொறக்காத."

லின்சி படியேறினாள். மூன்றாவது படி வழக்கம்போல முனகியது. பாதியில் சபரி இறங்கி வந்தான். சுவரோடு ஒதுங்கி அவளுக்கு வழி விட்டான். அவள் தலையை ஒருமுறை தடவினான். கையில் கொய்யா வாசனை.

"புதுசா செட் போட்டிருக்கேன்," என்றான். "உனக்குத்தான்."

யார் சந்திரலேகா என்று கேட்க வாய் துடித்தது. அடக்கிக்கொண்டாள். முதலில் அதைப் போகச் சொல்ல வேண்டும். மற்றதைப் பிறகு பேசலாம். பேசுவதற்கு ஒரு வாழ்நாள் இருக்கிறது.

கதவைத் தட்டினாள்.

உள்ளே பிரம்பு முனகியது. யாரோ எழுந்திருக்கும் சத்தம். ஈரப் பாதங்கள் மரத்தில் ஒட்டி, விடுபட்டு, ஒட்டி, கதவை நோக்கி வந்தன. லின்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவைத் தள்ளினாள். உப்பு வாடை முகத்தில் அடித்தது. நனைந்த முடிக்கற்றை ஒன்று அவள் கன்னத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இழுபட்டு அதோடு போன மாதிரி இருந்தது. பிறகு குளிர் விட்டது.

போய்விட்டாள். மாதாவே, போய்விட்டாள்.

உள்ளே ஓடினாள். மேசையைக் கலைக்கக் கை நீட்டினாள்.

மேசையில் கருவாடு இல்லை. கிழங்கு இல்லை. கனகாம்பரம் இல்லை.

மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாத் துண்டுகள். அச்சுமுறுக்கு. மஞ்சள் சாமந்தி. சிறுமியாக முதன்முதலில் நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் அவள் அப்பா கொடுத்த கறுப்பு ஜெபமாலை. காணோமே என்று நேற்றெல்லாம் தேடிய அவள் மூக்குக் கண்ணாடி. அவளுடைய நீல மக், விளிம்பு வரை கடுங்காப்பி.

நாகூர்க் கடற்கரையில் ஒரு சாயங்காலம், உனக்கு என்னவெல்லாம் பிடிக்கும் என்று அவன் கேட்டிருந்தான். வெட்கப்பட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கிறான்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. கேமராவில் சிவப்பு விளக்கு மின்னியது. ஷட்டர் திறந்தது.

எடு. எல்லாவற்றையும் எடு. கொய்யாவைப் பிடித்தாள். விரல் பட்டது. கொய்யா நகரவில்லை. ஜெபமாலையை இழுத்தாள். ஒரு மணிகூட அசையவில்லை. கதவுக்கு ஓடினாள். மரத்தளம் அதிரவில்லை. உள்ளங்கையால் கதவை அறைந்தாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி அறைந்தாள். சத்தமே இல்லை.

கீழே சபரியின் குரல். இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒருநாளும் பேசாத குழைந்த குரல்.

"சந்திரா, டீ ஆறுது."

"இதோ வர்றேங்க."

அது லின்சியின் குரல். லின்சியின் எடைக்கு மட்டும் முனகுகிற அந்த மூன்றாவது படி, முனகியது.

கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். குடத்தின் வயிற்றில் அறை தெரிந்தது. ஜன்னல். கதவு. கதவருகில் யாரும் இல்லை. பிரம்பு நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். லின்சியின் சுடிதார். மடியில் கோர்த்த கைகள். முகம் இன்னும் தெளியவில்லை.

"தட்டுங்க," என்றாள். "யாராவது ஒரு தடவை தட்டுங்க."

மழை பெய்தது. ஸ்டார் தகரத்தில் தட்டியது. கதவில் யாரும் தட்டவில்லை.

ஷட்டர் மூடிக்கொண்டது.

அவள் நாக்கில் கடுங்காப்பி கசந்தது. கதவை விட்டு அவள் நகரவே இல்லை. நீல மக்கில் காப்பி ஒரு விரற்கடை குறைந்திருந்தது.