பிரித்துப் போட்ட கடிகாரம்

"எங்க வீட்ல ஒரு பேய் இருக்கும்மா. மாசாமாசம் சம்பளம் வாங்குற பேய்."

வந்தவள் ரொட்டிக்கடைக்காரி. துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். சுவர்க்கடிகாரம் ஒன்று சக்கரம் வேறு, முள் வேறாக வந்து விழுந்தது. பின்னாலேயே ஓர் இஸ்திரிப்பெட்டியின் பாகங்கள்.

"போன வாரம் இஸ்திரிப்பெட்டி. நேத்து, செத்துப்போன எங்கம்மா ஆசையா வாங்கின கடிகாரம். திருகாணியெல்லாம் சிறுசு பெருசுன்னு வரிசையா அடுக்கி வெச்சிருந்துச்சு. நான் விடியறதுக்குள்ள கடைக்குப் போனா மத்தியானம் தான் வருவேன், லீவே கிடையாது. இன்னைக்குத்தான் கடையைப் பூட்டிட்டுக் காலையிலேயே வந்திருக்கேன். வீட்ல இருக்கிறது எங்கப்பாவும், அவரைப் பாத்துக்கிற பொண்ணும் தான். அப்பா ஒரு காலத்துல தையல் மெஷின் ரிப்பேர் பண்ணவர். இப்ப நடுக்கத்துல ஸ்பூன் கூடப் பிடிக்க முடியாது. நேத்து அவ பைக்குள்ள தேடினேன். இது இருந்துச்சு." ஒரு திருப்புளியை எடுத்து வைத்தாள். "எங்கப்பாவை அவர் பெத்த மக மாதிரி பாத்துக்கிறா. அவ ஏன் இப்படிப் பண்றா? போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி அது எனக்குத் தெரியணும்."

"இதுல துப்பறிய என்ன இருக்கு? கையும் களவுமா மாட்டிட்டா" என்றான், துப்பறியும் அண்ணியின் பக்கத்தில் இருந்த கொழுந்தன். குடும்பத்தில் அவனுக்கு 'அவசரம்' என்று பெயர். அண்ணியோடு துப்பறியக் கிளம்பி இரண்டு வருடமாகியும் அந்தப் பெயர் மாறவில்லை.

அண்ணி துப்பறிய வருமுன் நரம்பு நோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்தவர். நோயாளி பேசி முடிக்கும்வரை வாய் திறக்காத பழக்கம் அப்போது வந்தது. இரண்டு திருகாணிகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போலாம்" என்றார்.

வீட்டில் பெரியவர் நாற்காலியில் இருந்தார். அவர் கையிலிருந்த டம்ளரில் பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது. பணிப்பெண் துடைத்துவிட்டாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது. மாத்திரையைக் கொடுத்தாள்.

"புது மாத்திரையா?" என்று கேட்டார் அண்ணி.

"ரெண்டு மாசமா. காலையில ஒரு வேளை" என்றாள் பணிப்பெண்.

அண்ணி உட்கார்ந்து பெரியவரிடம் பழைய தையல் மெஷின்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் போனது. அவசரத்துக்குக் காலடியில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது.

"தண்ணி குடிங்க ஐயா."

பெரியவர் டம்ளரை எடுத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

ரொட்டிக்கடைக்கார மகள் கிட்டே வந்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இஸ்திரிப்பெட்டித் திருகாணியில கீறலே இல்ல. திருப்புளி வேலை" என்றார் அண்ணி மெதுவாக. "கடிகாரத் திருகாணி எல்லாம் சிராய்ச்சிருக்கு. கத்தி முனையால கழட்டியிருக்காங்க. பையில திருப்புளி வெச்சிருக்கிறவ எதுக்குக் கத்தியை எடுக்கணும்? கடிகாரத்தைப் பிரிச்சது, திருப்புளியைப் பறிகொடுத்த ஐயாதான்."

"ஆனா அண்ணி, அவருக்குக் கை…"

"மாத்திரை போட்டா நடுக்கம் நிக்குது. நீங்க கடையிலேர்ந்து திரும்பி வர்றதுக்குள்ள அதோட வேகம் இறங்கிடுது."

பெரியவர் தலை கவிழ்ந்தார். "கை நிதானத்துக்கு வந்ததும் ஒரு வெறி வரும்மா. எதையாவது பிரிக்கணும், அடுக்கணும். பிரிச்சதும் மறுபடி மாட்டணும்னு தோணாது. உங்கம்மா கடிகாரம்னு தெரிஞ்சும் நிறுத்த முடியல."

"அவர் வேணும்னு பண்ணல" என்றார் அண்ணி. "ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல டோபமின்னு ஒரு ரசாயனத்தை விடும். அதை வாங்கிக்க எதிர்ப்பக்கம் ஏற்பிகள் இருக்கு, பூட்டு மாதிரி. இந்த நடுக்குவாத நோயில டோபமின் வத்திப்போகும். மாத்திரை மாத்துச்சாவி மாதிரி போய் அந்தப் பூட்டைத் திறக்குது. ஆனா கையை இயக்குற நரம்புச் சுற்றுலயும் அதே பூட்டு, ஆசையைத் தூண்டுற சுற்றுலயும் அதே பூட்டு. முதல் சுற்றுல பஞ்சம், அதனால மருந்து சோறு போடுது. இன்னொண்ணுல ஏற்கெனவே போதுமானது இருக்கு. அங்க வெள்ளம். சில பேருக்குத்தான் இப்படி ஆகும்."

மகள் பணிப்பெண் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. அதான் திருப்புளியை ஒளிச்சு வெச்சேன். சொன்னா மாத்திரையை நிறுத்திடுவீங்கன்னு பயந்தார். காலையில இந்தக் கொஞ்ச நேரந்தான் அவர் சட்டைப் பட்டனை அவரே போட்டுக்கிறார்."

அவசரம் சுவரைப் பார்த்தபடி நின்றான். 'கையும் களவுமா' என்ற தன் வார்த்தை அவனையே சுட்டது.

"திடீர்னு நிறுத்தவே கூடாது, அதுவும் ஆபத்து. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் மறைக்காம சொல்லுங்க" என்றார் அண்ணி.

டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்தார். நடுக்கம் கொஞ்சம் திரும்பியது, வெறி அடங்கியது. ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று பணிப்பெண் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். மகள் பின்னாலேயே ஓடினாள்.

"நாளைக்கு வருவியா?"

அவள் நின்றாள். "ஐயாவுக்காக வருவேன். ஆனா இனிமே என் பையைத் தொடாதீங்கக்கா."

"தொடமாட்டேன்" என்றாள் மகள்.