மூட்டை வாயில் கிடந்த செருப்பு

தம்பியின் செருப்பில் மறுபடியும் மணல் இருந்தது. நடந்து வந்ததில் ஒட்டிக்கொண்ட மணல் இல்லை. யாரோ உட்கார்ந்து நிதானமாக அள்ளி வைத்து, உள்ளங்கையால் தட்டிவிட்டதைப் போல, வார் மூழ்கும் அளவுக்கு ஈர மணல். முந்தின நாள்தான் அவள் அதைக் கழுவித் துடைத்து, கதவுக்கு உள்பக்கம் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். கதவு பூட்டித்தான் இருந்தது. ஒரு சாவி அவளிடம், இன்னொன்று கணவரிடம்.

ஆகவே அவள் கணவரைச் சந்தேகப்பட்டாள். பேய் பிசாசு என்று போகிற ஆள் இல்லை அவள். வீட்டில் விளங்காத காரியம் ஒன்று நடந்தால், அதைச் செய்தவர் பெரும்பாலும் அதே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்பது அவள் அனுபவம்.

கணவருக்குக் கரையைக் காக்கும் வேலை. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்சுவர் வந்த பிறகு, அதற்கு அந்தப் பக்கம் மணல் மேடு தட்டியது, இந்தப் பக்கம் கடல் வீடுகளைத் தின்றுகொண்டு வந்தது. "மணல் ஒரு இடத்துல நிக்காதுக்கா, நடந்துக்கிட்டே இருக்கும்" என்பான் தம்பி. "அலை சாய்வா அடிச்சுத் தள்ளிட்டே போகும். மழைக்காலத்துல எடுத்துட்டுப் போறத வெயில் காலத்துல திருப்பிக் கொடுத்துடும். நாமதான் வழியில சுவர வச்சோம். வரவேண்டிய மணல் வரல. இப்ப கடலத் திட்டி என்ன பண்றது?"

மிச்சமிருந்த வீடுகளைக் காப்பாற்ற, கனத்த துணியில் தைத்த, பேருந்தைவிட நீளமான மூட்டைகளைக் கரையில் கிடத்தி, கடலடி மணலைத் தண்ணீரோடு பம்ப் போட்டு உள்ளே ஏற்றினார்கள். தண்ணீர் துணிவழியே கசிந்துவிடும், மணல் உள்ளே இறுகிக் கல்லாகிவிடும். கணவர் அந்த வேலைக்கு மேற்பார்வை. தம்பி அவருக்குக் கீழே. மூட்டை வரிசை முடிந்த இடத்திலிருந்து கடல் இப்போது அடுத்த தெருவைத் தின்ன ஆரம்பித்திருந்தது. அந்தத் தெருப் பெண்கள் இவளைக் கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கும் மூட்டையை நிரப்பிய அன்றுதான் தம்பி காணாமல் போனான். காணாமல் போனான் என்று கணவர் சொல்லவில்லை. "வேற துறைமுகத்துல வேலை கிடைச்சுதாம். கிளம்பிட்டான்" என்றார்.

"என்கிட்ட சொல்லாமலா?"

"அவசரம்."

தம்பியின் போன் அன்றிலிருந்து அணைந்தே கிடந்தது.

அன்று மதியம் எல்லாருக்கும் டீ கொண்டுபோனவள் அவள்தான். மூட்டைக்குப் பக்கத்தில் தம்பியின் செருப்பு கிடந்தது. அலை அதைத் தொட்டுத் தொட்டுப் போனது. இன்னும் ஒரு அலை வந்தால் போய்விடும். போட்டதைப் போட்ட இடத்தில் விட்டு வருகிறவன் அவன். பின்னாலேயே போய் எடுத்து வைப்பது சின்ன வயதிலிருந்து அவள் வேலை. செருப்பை எடுத்து வந்து அலமாரியில் வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த கணவர் அதைப் பார்த்தார். முகம் வெளிறி, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்கு வெயில் என்றார்.

அவள் அதை மறக்கவில்லை. புது வேலைக்கு ஒருவன் வெறுங்காலோடா கிளம்புவான்? செருப்பைப் பார்த்ததும் இவருக்கு ஏன் முகம் வெளிற வேண்டும்? இவர் தம்பியை என்னவோ செய்துவிட்டார்.

மழைக்காலம் வந்தது. வீட்டுக்குள் கடலடிச் சேற்றின் வாடை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கழுவினாலும், கதவு சன்னல் எல்லாம் திறந்து போட்டாலும் போகாத, திரைச்சீலையிலும் தலையணையிலும் அவள் கூந்தலிலும்கூட ஏறிக்கொண்ட வாடை. கூடவே, ஈர மணல் தன் பாரத்தில் தானே இறங்கும்போது எழும் மெல்லிய நெறுநெறுப்பு, எந்தச் சுவருக்குப் பின்னால் என்று சொல்ல முடியாதபடி வந்துகொண்டே இருந்தது. வெளியே எல்லா மூட்டைகளும் தளர்ந்து அமுங்கின. எதிரே இருந்தது மட்டும் புடைத்தபடி நின்றது. அதன் வாய்ப்பக்கத்திலிருந்து ஒரு மணல் நாக்கு, சுற்றியுள்ள கரையெல்லாம் கரைந்துகொண்டிருக்க, இவர்கள் வாசல்படியை நோக்கி வளர்ந்தது.

கரை வளர்கிறது என்று காட்டி மேலதிகாரிகள் கண்ணில் மண்ணைத் தூவ இவரே கொட்டுகிறார் என்று அவள் முதலில் நினைத்தாள். காத்திருந்து பார்த்தாள். கணவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. சொல்லப்போனால், அந்த மூட்டையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக நடந்தார்.

செருப்பில் மறுபடியும் மணலைப் பார்த்த அன்று பிற்பகல், பம்ப் ஓட்டுபவரைத் தேடிப் போனாள். அவர் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க வீட்டு முன்னாடி மூட்டைய ரொப்புனப்ப தம்பி எங்க இருந்தான்?"

துணியை வைத்த கை நின்றது. "நான் பார்த்துட்டுத்தான் போட்டேன் தங்கச்சி."

"எதப் பார்த்து?"

"செருப்ப. ரொப்புறதுக்கு முன்னாடி ஒருத்தர் உள்ள தவழ்ந்து போய், கடைசி வரைக்கும் துணி மடிப்ப நீவி விடணும். உள்ள போறவங்க செருப்ப வாய்கிட்ட விட்டுட்டுப் போவாங்க. செருப்பு கிடந்தா நான் மோட்டாரத் தொட மாட்டேன். யார் சொன்னாலும் தொட மாட்டேன்." துணியைக் கீழே போட்டார். "அன்னைக்குச் செருப்பு இல்ல தங்கச்சி. நல்லாப் பார்த்தேன். இல்ல."

அவள் வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இத்தனை நாள் கணவரைப் பார்த்த கண்ணால் இப்போது தன் கைகளைப் பார்த்தாள்.

கணவர் வந்து, வழக்கம்போல ஈரச் செருப்பை வாசல்படியில் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். ஈரத்தோடு உள்ளே வர அவள் விடமாட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அவர் அலமாரியைப் பார்த்தார். பிறகு அவளை. "செருப்ப இங்க பார்த்தப்பதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள எல்லாம் இறுகிப் போச்சு."

"அறுத்திருக்கலாம்ல?"

"அறுத்தா அவன் திரும்பி வருவானா? நீயாவது உயிரோட இருக்கணும்னு நெனச்சேன். உன்கிட்ட எப்படிடி சொல்வேன், நீதான்னு?" முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் அவரைச் சந்தேகப்பட்ட ஒவ்வொரு நாளும் அவர் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். அவர் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கடன் ஒன்று வெளியே கிடந்தது.

செருப்பை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போற? தண்ணி ஏறுது!"

"வச்சிட்டு வந்துடறேங்க. அது இருக்க வேண்டிய இடம் அது."

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மேகமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். மணல் நாக்கின் மேல் வெறுங்காலோடு நடந்தாள். அது உள்ளே சூடாக இருந்தது. மூட்டையின் வாய் கயிற்றால் இறுக்கிக் கட்டியபடியே கிடந்தது. குனிந்து, செருப்பை வைத்தாள். வெளியே வருகிறவன் அப்படியே கால் நுழைத்துக்கொள்ள வசதியாக, முனையை வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

"வாடா, போதும்" என்றாள். "அக்காதான்டா."

பெரிய அலை ஒன்று வந்தது. அவள் மூட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். துணிக்குக் கீழே ஒன்றுமில்லை. கை ஆழமாக அமுங்கியது.

மூட்டை காலி.

கண்ணைத் திறந்தாள். கயிறு அவிழ்ந்து கிடந்தது. செருப்பு இல்லை. கடல் எடுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கீழே பார்த்தாள். மணல் நாக்கின் மேல் தடங்கள். செருப்புத் தடங்கள். ஒவ்வொன்றிலும் நீர் ஊறிக்கொண்டிருந்தது.

அவை வீட்டுக்குப் போயின.

"வந்துட்டியா?" உள்ளேயிருந்து கணவரின் குரல். நிம்மதியான குரல். "கதவச் சாத்திட்டு வாம்மா."

கதவு சாத்திக்கொண்டது.

தாழ் விழுந்தது.

அவள் கத்தினாள். காற்று அதை வாங்கிக்கொண்டது. ஓடினாள். கால் புதைந்தது. மணல் கணுக்காலைப் பிடித்தது. இழுத்தாள். விடவில்லை. வாசல்படி நன்றாகத் தெரிந்தது. படியில் கணவரின் செருப்பு. ஜோடியாக. ஈரமாக. செருப்பு கிடக்கிறது. உள்ளே ஆள் இருக்கிறது. யாரும் மோட்டாரைத் தொடமாட்டார்கள்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. மணல் அப்பிய கை. அலை அடித்துக்கொண்டு போகாமல் எடுத்து வைப்பதைப் போல, பத்திரமாக, கணவரின் செருப்பை எடுத்துக்கொண்டது.

கதவு மூடிக்கொண்டது.

வீட்டுக்குள் பம்ப் ஓட ஆரம்பித்தது.