காலி டிஸ்க்கில் ஒரு கோப்பு

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். ஒரு டம்ளர் டீ போட்டு நின்றபடியே குடித்தான். கட்டிலில் தன் பக்கத்துப் போர்வையை மட்டும் மடித்தான். மறுபக்கம் கலைந்திருக்கவில்லை.

எட்டு மணிக்கு மனைவியின் தம்பி வந்தான். அவளுடைய மேக் கணினியைப் பத்து மணிக்குள் அவள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பார்வையற்ற மாணவர்களுக்காக அவள் வாசித்துப் பதிந்த நானூற்றுப் பன்னிரண்டு பாடங்கள் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. அவள் குரலென்று மிச்சமிருப்பது அவ்வளவுதான். மேக்குக்காகத் தயார் செய்த டிஸ்க் அது. வீட்டிலிருந்த விண்டோஸ் கணினியில் செருகினால், "ஃபார்மேட் செய்யவா?" என்று மட்டும் கேட்டது.

"ரெண்டு கம்ப்யூட்டரையும் சமாதானம் பண்ணி வைக்கத் தெரியலியா மாமா? அக்கா இருந்தா மானத்த வாங்கியிருப்பா."

"வாங்கியிருப்பா."

பாடங்களை மேக்கில் நகலெடுத்தான். எண்ணிக்கையை இருமுறை சரிபார்த்தான். டிஸ்க்கை அழித்து எக்ஸ்ஃபேட் என்ற பொது வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டு கணினியிலும் திறக்கும். அழிக்கும் பொத்தானின் மேல் விரல் சற்று நின்றது.

அழுத்தினான்.

டிஸ்க் மெல்ல முனகி ஓய்ந்தது. எங்கிருந்தோ ஆஸ்பத்திரி லோஷன் வாசனை வந்தது.

காலியான டிஸ்க்கில் ஓர் ஒலிக்கோப்பு இருந்தது.

மறுபடி அழித்தான்.

இருந்தது.

நீளம் நாற்பது நொடி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தொன்று ஆனது.

"நீங்க போட்டதா மாமா?" தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"இல்ல."

"'தம்பியப் பாத்துக்கோங்க'ன்னு கடைசியா சொன்னாளே... அதுவா இருக்குமோ? போடுங்க மாமா. அம்மாவும் கேக்கட்டும்."

அப்படி அவள் சொல்லவே இல்லை. அழுதுகொண்டிருந்த வீட்டுக்குக் கொடுக்க அவனிடம் அந்தப் பொய்தான் இருந்தது. கடைசி நாள் காலை ஆஸ்பத்திரி அறையில் அவனும் அவளும் மட்டும். அவன் வேலைக்குக் கிளம்பிய சிறிது நேரத்தில் அவள் போய்விட்டாள். யாரும் எதையும் பதியவில்லை.

அவன் கையைப் பிடிப்பதற்குள் தம்பி அழுத்திவிட்டான்.

மூச்சிரைப்பு. கட்டில் கம்பியில் வளையல் உரசும் ஒலி. கதவை நோக்கி நடக்கும் செருப்புச் சத்தம்.

அது அவனுடைய நடை.

பிறகு அவள்.

"எனக்கு பயமா இருக்குங்க. இன்னைக்கு மட்டும் போகாதீங்க."