விண்கலத்தின் வாசலில் ஒரு ஜோடி செருப்பு

17.8.2003, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு. படத்துக்காக ஓரமாக நகர்த்திய செருப்பைப் பழைய இடத்தில் வைக்காமல் வந்துவிட்டேன்.

ஆம்பூர் பேருந்து நிலைய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதிய நெல்வின், ‘சிறு’ என்பதை அடித்தான். கொஞ்ச நேரம் யோசித்து, அதையே மறுபடி எழுதினான்.

மாலை வகுப்பில் புகைப்படக்கலை படிக்கிறான். ஒரே கருப்பொருளில் படங்கள் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். விண்கலம் போலத் தெரியும் கட்டுமானங்கள் என்று அவன் சொன்னபோது வகுப்பில் யாரும் கேலிகூடச் செய்யவில்லை. நாட்றம்பள்ளித் தண்ணீர்த் தொட்டி, தூண்களின் மேல் வந்து இறங்கிய தட்டு மாதிரி படத்தில் விழுந்திருந்தது. கடைசியாக, மூடிக்கிடக்கும் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் ஊறவைத்துச் சுழற்றும் பெரிய மர டிரம். சுற்றிலும் இரும்புப் பட்டைகள், வயிற்றில் ஒரு சதுர வாசல். அதன் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

“இன்னாத்துக்குத் தம்பி இந்தக் குப்பைய புடிக்கிற? கல்யாணத்துல புடிச்சா பிரியாணியாச்சும் கெடைக்கும்” என்றார் காவலாளி அமீர் பாஷா.

“ராக்கெட் மாதிரி இருக்கு பாய்.”

“ஏறிப் போய்டாத. அந்தச் செருப்ப மட்டும் தொடாத. டிரம்முக்குள்ள எறங்குறவன் செருப்ப வாசல்ல வுட்டுட்டுத்தான் எறங்குவான். செருப்பு இருந்தா ஆள் உள்ள இருக்கான்னு அர்த்தம். எவனும் சுவிட்ச் போடமாட்டான்.”

“ஷாப் மூடி ஏழு வருஷம் ஆச்சே பாய்?”

“செருப்பு இன்னும் கெடக்குதுல்ல?”

அவர் தொழுகைக்குப் போனதும் நெல்வின் செருப்பைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் படம் எடுத்தான்.

இப்போது டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஷாப்புக்குத் திரும்ப நடந்தான். கேட் சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உடைந்த கூரை வழியே கடைசி வெயில் சாய்ந்து விழ, சுண்ணாம்பும் ஊறிய மரமும் பழைய தோலும் கலந்த வாடை தொண்டையில் ஒட்ட, கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து ஏதோ கனமான ஒன்று மரத்தில் உரசிக்கொண்டே மேலே போவதும், ஒரு கணம் நிற்பதும், தொப்பென்று விழுவதும் மாறி மாறிக் கேட்டது.

டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. பெல்ட் இல்லை. மோட்டார் இருந்த இடத்தில் வெறும் மேடை.

மறுபடி அந்த உரசல். நிற்றல். விழுதல். அதோடு ஒரு முனகல்.

சுவரோரம் ஓடினான். செருப்பைக் காணோம். தரையைத் துழாவினான். இல்லை.

உள்ளே மறுபடி விழுந்தது.

தன் செருப்பைக் கழற்றினான். டிரம்மின் கீழே ஜோடியாக வைத்தான்.

நின்றது.

சதுர வாசல் அவனுக்கு நேராக நின்றது. உள்ளே இருட்டு. ஏதோ சொட்டியது. ஒரு கை வெளியே வந்தது. வெளுத்த கை. சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத்தோல் போல, ஒரு முடி இல்லை. நகம் இல்லை. அது கீழே இறங்கித் தடவியது. செருப்பைத் தேடியது.

அவன் வெறுங்காலோடு ஓடினான்.

பஜாரில் விளக்குகள் எரிந்தன. யாரும் அவனைப் பார்க்கவில்லை. தன் வாடகை அறைக்கு மாடிப்படி ஏறினான். அறைக்கதவில் அவன் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. சாவி அவன் சட்டைப்பையில்.

வாசலில் அவன் செருப்பு. ஈரமாக. ஜோடியாக. கதவைப் பார்த்தபடி.

கதவுக்குப் பின்னால் ஏதோ சுவரில் உரசிக்கொண்டே மேலே போனது. நின்றது.

அவன் படியிலேயே உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தான்.

நாளை: வீட்டுக்காரம்மா வாசல் பெருக்க வரும்போது விழித்திருக்க வேண்டும். செருப்பை யாரும் நகர்த்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.